கடைசி ஆள் வரும்வரை

செகந்திராபாத்தில், அல்வாலைத் தாண்டிய கன்டோன்மென்ட் சாலையில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். முதலில் ஹெல்மெட்டைக் கழற்றினேன். அடுத்து, சட்டையில் எண் தாளைப் பிடித்துக்கொண்டிருந்த நான்கு ஊக்குகளில் ஒன்றை எடுத்தேன். இரண்டாவது வழுக்கியது. கையெல்லாம் சங்கிலி மசி.

பந்தயம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கு மட்டும்.

சாலை காலியாக இருந்தது. போக்குவரத்தை நிறுத்தியிருந்ததால், ஞாயிற்றுக்கிழமைக் காலையைவிடவும் அமைதியாக இருந்தது. ராணுவக் குடியிருப்பின் சுற்றுச்சுவருக்குப் பின்னால் ஏதோ ஒரு வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. மூன்று விசில்கள் எண்ணினேன். ஒரு நாய் வந்து சைக்கிளின் பின்சக்கரத்தை முகர்ந்துபார்த்துவிட்டு, ஆர்வமில்லாமல் போனது.

எனக்கு வருத்தமாக இல்லை. இதை எழுதத்தான் வேண்டும். நிம்மதியாக இருந்தது.

இந்தத் தொடரின் சென்ற வாரப் பகுதியை, எங்கள் நாளிதழின் ஹைதராபாத் பதிப்பு மூடப்பட்டு, நான் மேஜையைக் காலி செய்த நாளோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து இந்த மரத்தடிக்கு வர ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

பாதியில் விட்டவை

அந்த ஒன்றரை ஆண்டில் நான் தொடங்கிய எதையும் முடிக்கவில்லை. ஒரு பதிப்பகத்துக்காக மொழிபெயர்க்க எடுத்த புத்தகம் நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றது. உருது எழுத்துகள் கற்க இணைய வகுப்பில் சேர்ந்து, பதினான்காவது எழுத்தோடு விட்டேன். மாடியில் வைத்த கீரைத் தொட்டிகளில் இப்போது மண் மட்டும் இருக்கிறது.

யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. வயது ஐம்பத்து மூன்று. திருமணம் செய்துகொள்ளவில்லை, அதற்குத் தனிக் கதை எதுவும் கிடையாது. ஏ.எஸ்.ராவ் நகரில் அப்பா தொழிற்சாலை வேலையில் இருந்தபோது வாங்கிய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. தம்பி கனடாவில்.

ஒரு சனிக்கிழமை, அன்று முழுவதும் வாய் திறந்து பேசியதை எண்ணிப் பார்த்தேன். பால்காரரிடம் ஒன்று. லிஃப்டில் ஒன்று. தவறான எண்ணுக்கு அழைத்த ஒருவரிடம் ஒன்று. மொத்தம் மூன்று வாக்கியங்கள். அவற்றில் ஒன்றில் வினைச்சொல் இல்லை. பழைய வேலையாக இருந்தால் திருத்தியிருப்பேன்.

அதற்கு மறுவாரம் ஓட ஆரம்பித்தேன். உடம்பு இளைக்க அல்ல. காலையில் நடக்கிறவர்களை மற்றவர்கள் நிறுத்திப் பேசுவார்கள். யாரும் நிறுத்தாவிட்டால், பேச ஆளில்லை என்பது தெரிந்துவிடும். ஓடுகிறவரை யாரும் நிறுத்துவதில்லை. மேல்வீட்டுக்காரர்கள் பெங்களூருக்கு மாறியபோது ஒரு கியர் சைக்கிளை விட்டுப் போனார்கள். அதையும் துடைத்து எடுத்துக்கொண்டேன்.

இரண்டும் கைவந்த பிறகு, இரண்டையும் சேர்த்து நடத்தும் பந்தயம் ஒன்று கண்ணில் பட்டது. டூயத்லான் என்கிறார்கள். ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், இருபது கிலோமீட்டர் சைக்கிள், மறுபடியும் இரண்டரை கிலோமீட்டர் ஓட்டம். காலை ஆறரைக்குத் தொடக்கம். எட்டரைக்குள் சைக்கிளை முடிக்க வேண்டும். எட்டு ஐம்பதுக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். இந்த எல்லைகளுக்குக் கட்-ஆஃப் என்று பெயர். தாண்டினால் முடித்தவர்களின் பட்டியலில் பெயர் வராது.

எத்தனையாவதாக வருவேன் என்ற கேள்வியே இல்லை. நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றையாவது முடித்தேன் என்று என்னிடமே சொல்லிக்கொள்ள வேண்டும். ஏழு மாதம் பழகினேன்.

காலியாக விட முடியாத கட்டம்

விண்ணப்பப் படிவம் இணையத்தில் இருந்தது. பெயர், வயது, ரத்த வகை வரை தடையில்லை. அடுத்த கட்டம்: அவசரத்துக்கு யாரை அழைப்பது?

விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தேன். படிவம் விடவில்லை. கட்டம் சிவப்பாயிற்று. தம்பியின் எண்ணைப் போடலாம். இங்கே காலை என்றால் அங்கே இரவு. அவன் எழுந்து கண்ணாடியைத் தேடி, கனடாவிலிருந்து என்ன செய்வான்?

கீழ்வீட்டுக் கல்யாணியிடம் போய்க் கேட்டேன். கோயம்புத்தூர்க்காரர். கணவர் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்கிறார். இருபது வருடம் இங்கே இருந்தும் கல்யாணியின் தமிழ் ஒரு இழை மாறவில்லை.

“ஏனுங்க்கா, இந்த வயசுல உங்களுக்கு ஏனுங்க இந்த வேல?” என்றார். பிறகு, “சரி, போடுங்க. அவிங்க போன் பண்ணுனா நான் என்ன பண்ணோணும்?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம். எடுத்தா போதும்.”

“எடுத்துட்டு?”

சோபாவில் படுத்திருந்த அவருடைய மகள், ஒன்பதாம் வகுப்பு, கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல், “மம்மி, ஆன்ட்டி கோ போலோ நா, வாக்கிங் இஸ் இனஃப்” என்றாள். ஆன்ட்டியிடம் சொல்லேன், நடந்தாலே போதும் என்று.

“ஆன்ட்டி முன்னாடிதான இருக்குறாங்கோ. நீயே தமிழ்ல சொல்லு சாமி.”

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மறுபடி கைப்பேசியைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து கல்யாணியின் எண்ணை நிரப்பினேன். அடுத்த கட்டம் உறவுமுறை. கணவர், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர், மற்றவை என்று வரிசையாக இருந்தது. மற்றவை என்பதைத் தொட்டேன். படிவம் ஏற்றுக்கொண்டது.

சுவர்க் கடிகாரம்

மரத்தடிக்குத் திரும்பும் முன் ஒரு கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் செய்தி அறையின் சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடும். பழுதினால் அல்ல, உத்தரவினால். எனக்கு முன்பிருந்த செய்தி ஆசிரியர் ஒருவர் ஏணி போட்டு ஏறித் தன் கையாலேயே முள்ளைத் தள்ளி வைத்தாராம். பக்கம் அச்சுக்குப் போக வேண்டிய நேரத்தை யாரும் தவறவிடக் கூடாது என்பதற்காக.

அது முந்தி ஓடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம். தெரிந்தும் அது வேலை செய்தது. முள் அந்த நேரத்தின் கோட்டை நெருங்கும்போது தலை பத்தைக் கழித்துப் பார்க்கும். கை கழிக்காது. கை அவசரப்படும். முள் கோட்டைத் தாண்டிவிட்டால் பக்கம் போய்விட்டது என்று உடம்பு முடிவு செய்து நாற்காலியில் சாயும்.

தலைமைத் துணை ஆசிரியரான வாரத்தில் என் கைக்கடிகாரத்தையும் பத்து நிமிடம் முன்னே தள்ளினேன்.

நேர விஷயத்தில் விட்டுக்கொடுக்காதவள் என்று எனக்குக் கெட்ட பெயர் இருந்தது. மாவட்ட ஹாக்கி இறுதி ஆட்டத்துக்குப் போயிருந்த நிருபர் ஒருமுறை போனில் கெஞ்சினார். ஆட்டம் சமநிலையில் முடிந்து பெனால்டிக்குப் போய்விட்டது, ஐந்து நிமிடம் பக்கத்தை நிறுத்தி வையுங்கள் மேடம் என்றார். நிறுத்தவில்லை. மறுநாள் எல்லாத் தாள்களிலும் முடிவு இருந்தது, எங்கள் தாளைத் தவிர. அதன்பின் ஒரு வருடம், என் மேஜையைக் கடக்கும்போதெல்லாம் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே போவார்.

செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். போனில் அவர் மூச்சு வாங்கியது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. மைதானத்திலிருந்து பொதுத் தொலைபேசி வரை ஓடி வந்திருந்தார்.

பதிப்பு மூடிய பிறகும் நான் கடிகாரத்தைத் திருத்தவில்லை. பால்காரர் வரும் நேரத்துக்கும் பத்தைக் கழித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கழித்தல் மட்டும்தான் வேலையிலிருந்து என்னோடு வீட்டுக்கு வந்திருந்தது.

ஐந்து, இருபது

பள்ளி மைதானத்தில் தொடக்கம். ஆறு மணிக்கே ஒலிபெருக்கியில் தெலுங்கு சினிமாப் பாட்டு. எல்லோரும் கூட்டம் கூட்டமாக வந்திருந்தார்கள். ஒரே நிறச் சட்டை, ஒரே பெயர் முதுகில். கணினி நிறுவனத்தார் ஒரு பக்கம், சைக்கிள் சங்கத்தார் இன்னொரு பக்கம். வெறுமனே நின்றுகொண்டிருந்தது நான் ஒருத்திதான். அதனால் எல்லோரும் என்னிடம் கைப்பேசியை நீட்டினார்கள்.

“மேடம், ஒக்க போட்டோ, ப்ளீஸ்.”

ஏழு கூட்டங்களைப் படம் எடுத்தேன். ஒரு கூட்டத்தை இரண்டு முறை, ஒருவர் கண்ணை மூடிவிட்டதால்.

ஓட்டம் நினைத்தபடி போயிற்று. முதல் ஒரு கிலோமீட்டரில் ஏறக்குறைய எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். அதன்பின் யாரும் தாண்டவில்லை. முன்னே போகிறவர்களின் பேச்சுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, என் காலணிச் சத்தம் மட்டும் மிஞ்சியது. ஏழு மாதமாகப் பழகிய சத்தம்தான். நாற்பத்து மூன்று நிமிடத்தில் முடித்தேன். சைக்கிள் நிறுத்துமிடத்தில் நூறு சைக்கிளுக்கு மேல் தொங்கியிருந்த கம்பிகளில், நான் போனபோது இருந்தது நான்கு.

சைக்கிளுக்குப் பத்து கிலோமீட்டர் சுற்று, இரண்டு முறை. முதல் சுற்றில் எதிர்க்காற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் கடிகாரத்தைப் பார்த்து, பத்தைக் கழித்து, மிச்சத்தைக் கணக்கிட்டேன். சரியாக இருந்தது. இரண்டாவது சுற்றில், ஒரு சிறு மேட்டில் கியரை மாற்றும்போது சங்கிலி கழன்று சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. வீட்டு வாசலில் நான்கு முறை கழற்றி மாட்டிப் பழகியிருக்கிறேன். அப்போது அது இப்படிச் சிக்கியதில்லை. ஆறு நிமிடம் ஆயிற்று.

மறுபடி ஏறி மிதித்தேன். தண்ணீர் மேஜையில் நின்ற கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் கை தட்டினார்கள். கை தட்டிக்கொண்டே தங்களுக்குள் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். கண்ணில் வியர்வை இறங்கியது. மசியும் வியர்வையும் படிந்த கடிகாரக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் பார்த்தேன்.

எட்டு முப்பத்தொன்று.

முள் கோட்டைத் தாண்டிவிட்டது. கால்கள் தாமாகவே நின்றன. இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் இருந்தது. பக்கத்தில் ஒரு மரம் இருந்தது.

பின்னால் வருகிறவர்

குக்கர் விசிலையும் நாயையும் முன்பே சொன்னேன். அப்புறம் ஒரு சைக்கிள் மணி கேட்டது.

இப்படிப்பட்ட பந்தயங்களில் கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர் வருவார். ஸ்வீப் என்பார்கள். வழியில் யாரும் விழுந்து கிடக்காமல் பார்ப்பது அவர் வேலை. அவர் கடந்துவிட்டால் அந்த இடத்தில் பந்தயம் முடிந்துவிட்டது என்று பொருள். இவர் ஆரஞ்சு நிறக் கையில்லாச் சட்டை போட்டிருந்தார். தோளில் ஒரு வாக்கி-டாக்கி. திருப்பத்தில் தசைப்பிடிப்பால் விழுந்த ஒருவரை வேனில் ஏற்றிவிட்டு வருவதால் தாமதமாகியிருந்தது.

“க்யா ஹுவா மேடம்? தபியத்?” என்ன ஆயிற்று, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

“போச்சு” என்றேன், அவருக்கு அல்ல, பொதுவாக.

அவர் பிரேக்கைப் பிடித்து ஒரு காலை ஊன்றினார். “தமிழா நீங்க? இன்னா போச்சு? கைக்கு உக்காந்துட்டீங்க?” ஏன் என்பதற்குச் செகந்திராபாத்தில் கைக்கு.

“டைம் முடிஞ்சுபோச்சு. எட்டரைதானே கட்-ஆஃப்?”

“ஹவ், எட்டரைதான்.” கைப்பிடியில் மாட்டியிருந்த கைப்பேசியைக் குனிந்து பார்த்தார். “இப்ப எட்டு இருபத்தஞ்சு.”

நான் மணிக்கட்டை நீட்டினேன். எட்டு முப்பத்தைந்து. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இது எந்த ஊரு டைம் மேடம்? துபாய்கூட இல்லியே.”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பத்தைக் கழிக்க மறந்திருந்தேன்.

“இது பத்து நிமிஷம் ஃபாஸ்ட். நானேதான் வெச்சேன்.”

“கைக்கு?”

“லேட் ஆகக் கூடாதுன்னு.”

அவர் சைக்கிளை ஒதுக்கி எனக்கு வழி விட்டார். பிறகு, “பேச்சு நக்கோ. ஹெல்மெட்ட போடுங்க. ஒன்ரை கிலோமீட்டரு, இறக்கம்தான். மிதிங்க” என்றார்.

நக்கோ என்றால் வேண்டாம். மிதித்தேன். ஒரு ஊக்கு கழன்ற எண் தாள் காற்றில் படபடவென்று மோவாயில் அடித்தது. எனக்கு முன்னால் வரக் கூடாது, தொடக் கூடாது, தள்ளக் கூடாது. அவருக்கு விதி இருந்தது. பேசுவதற்கு விதி இல்லை. பின்னாலிருந்து விடாமல் பேசினார்.

“கியரு இறக்காதீங்க! அப்படியே, அப்படியே. அந்தப் பள்ளத்த பாத்து. ஹவ்!”

சைக்கிளை நிறுத்தியபோது எட்டு இருபத்தொன்பதே முக்கால் என்று நேரக் காப்பாளர் எழுதிக்கொண்டார். ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டிவிட்டு ஓடத் தொடங்கியபோது எட்டு முப்பத்தொன்று. பத்தொன்பது நிமிடத்தில் இரண்டரை கிலோமீட்டர். காலையில் புதுக்கால்களோடு ஓடிய வேகத்துக்கே இருபத்தொன்றரை நிமிடம் ஆகும். அந்தக் கணக்கை ஓடிக்கொண்டே போட்டேன். போட்டிருக்க வேண்டாம்.

அவர் பெயர் தனபால். ரயில்வேயில் வேலை. தாத்தாவுக்கு அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு செகந்திராபாத் வந்தவர். அதன்பின் யாரும் திரும்பிப் போகவில்லை. இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டவை அல்ல. என் ஓட்டத்தைவிட மெதுவாகச் சைக்கிள் ஓட்ட முடியாமல், இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே அவர் சொன்னவை.

“நீங்க பேசாதீங்க, மூச்சு வாங்கும். நானே பேசறேன். நான் ரேஸ் ஓடுனதே இல்ல மேடம். பின்னாடி வர்றதுதான் நமக்கு. யாரும் நம்மள தாண்டிப் போவ மாட்டாங்கல்ல?”

தொண்டர்கள் கூம்புகளை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் மேஜையை மடக்கியாயிற்று. நான் வருவதைப் பார்த்து ஒருவர் எடுத்த கூம்பைத் திரும்ப வைத்தார். நான் கடந்ததும் எடுத்தார். ஒரு தடுப்புக்கு அப்பால் வண்டிகள் நின்றிருந்தன. அந்தப் பக்கம் நான் சரியாகப் பார்க்கவில்லை.

“வூட்லேர்ந்து யாராச்சும் வந்துகிறாங்களா மேடம்?”

தலையாட்டினேன், இல்லையென்று.

“ஃபினிஷ்ல போட்டோ எடுக்கணும்ல, அதுக்குக் கேட்டேன்.” பிறகு தன் தங்கையின் மாமியாரைப் பற்றி ஆரம்பித்தார். அந்த அம்மாள் ஒரு கல்யாணத்தில் பந்திக்கு முதலில் உட்கார்ந்து, எழுந்திருக்க மறுத்த கதை.

“மணி என்ன?” என்று கேட்டேன்.

“டைம் கேக்காதீங்க மேடம். ஓடுங்க.”

அதுவே பதில். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது. இந்த முறை சரியாகக் கழித்தேன். எட்டு ஐம்பது. இன்னும் முந்நூறு மீட்டருக்கு மேல் இருந்தது.

நின்றுவிடலாம் என்று தோன்றியது. மரத்தடி நிம்மதி எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். இந்த முறை அதற்கு உண்மையான காரணமும் இருந்தது. ஆனால் என் பை மைதானத்தில் இருந்தது. தனபாலின் தங்கை மாமியார் இன்னும் பந்தியிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது பந்திக்காரர்கள் சுற்றி நின்றிருந்தார்கள். கதையை நடுவில் நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓடினேன்.

பதக்கம்

எட்டு ஐம்பத்து மூன்று.

மூன்று நிமிடம் தாமதம். மரத்தடியில் உட்கார்ந்திருந்தது நான்கு நிமிடம்.

காற்றடைத்த முடிவுக்கோட்டு வளைவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அது ஒரு பக்கம் சரிந்து, நான் குனிந்து அதன் அடியில் போக வேண்டியிருந்தது. நேரக் காப்பாளர் ஒரு இளம்பெண். கையில் கடைசியாக மிஞ்சிய பதக்கங்கள் ஒரு கொத்து. ஒன்றை உருவி என் கழுத்துக்கு நேராக நீட்டினார்.

“மூணு நிமிஷம் லேட்” என்றேன், ஆங்கிலத்தில்.

“பரவாயில்லை மேடம். யாரு பார்க்கப் போறாங்க?” தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து அவர் சொன்னதன் பொருள் இது.

யாரும் பார்க்கப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். மைதானத்திலிருந்து பொதுத் தொலைபேசி வரை ஓடி வந்த ஒருவருக்கு நான் ஐந்து நிமிடம் தரவில்லை. எனக்கு நானே மூன்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அது முழுக் காரணம் அல்ல. வாங்கினால் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனால் எங்கேயாவது மாட்ட வேண்டும்.

“வேண்டாம்மா” என்றேன்.

“அட, குடுக்கறாங்கல்ல, வாங்குங்க” என்றார் தனபால். “இன்னா மேடம் ஹௌலாத்தனம் பண்றீங்க?” ஹௌலா என்றால் இங்கே மடையன். என்னை யாராவது அப்படிச் சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது. கேட்க நன்றாக இருந்தது.

நான் வாங்கவில்லை. அவர் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோய், ஹிந்தியில், கடைசி ஆள் வந்தாச்சு, ரோடைத் திறந்துவிடுங்கள் என்றார். ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிச் சுருட்டினார்.

“அந்த மாமியார் கடைசியில எழுந்தாங்களா?” என்று கேட்டேன்.

“எங்க? பாயசம் வந்தப்புறம்தான்.” சிரித்தார். “வரேன் மேடம். வூட்ல இட்லி ஆறிடும்னு நாலு போன் வந்துடுச்சு. அடுத்த வருஷம் வாட்ச்ச வூட்ல வெச்சிட்டு வாங்க.”

அவர் என் போன் எண்ணைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் போன பிறகு பையிலிருந்த வாழைப்பழத்தை உரித்து, நின்றபடியே சாப்பிட்டேன். மைதானத்தில் அதே பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

சிக்னல்

சைக்கிளிலேயே வீடு திரும்பினேன். தொடைகள் கல்லாக இருந்தன. திறந்த சாலை முழுவதும் வண்டிகள், இத்தனை நேரமும் அடைபட்டிருந்தவை எல்லாம் ஒன்றாக. லோத்குண்டா பக்கம் ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுநருக்கு என் வயது இருக்கும், தாடி நரைத்திருந்தது. பின்னால் யாரும் இல்லை. மூன்று ஊக்கில் தொங்கிய என் எண் தாளைப் பார்த்தார். அவர் பேசியது இந்த ஊர் உருது. நினைவிலிருந்து தமிழில் தருகிறேன்.

“நீங்களும் அந்த ரேஸ்தானா?”

“ஆமாம்.”

“நல்லா நடத்தினீங்க. அரை மணி நேரம் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்னேன். ஸ்டேஷனுக்குப் போற சவாரி. அவரு பெட்டியத் தூக்கிக்கிட்டு நடந்தே போயிட்டாரு.”

“மன்னிச்சுக்குங்க” என்றேன்.

“நீங்க என்ன செய்வீங்க? போலீஸ்காரன்கிட்ட கேட்டேன். எல்லாரும் வந்தாச்சாம், இன்னும் ஒரே ஒரு ஆள் வரணுமாம். ஒரே ஒரு ஆள்! அந்த ஒருத்தனுக்காக ரெண்டு பஸ்ஸு, இத்தனை வண்டி, நான். யாரு அந்த நவாபுன்னு பார்த்துட்டுத்தான் போகணும்னு நினைச்சேன்.”

சிக்னலின் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பதினொன்று. பத்து.

“நான்தான் அது” என்றேன்.

அவர் திரும்பினார். ஹெல்மெட்டிலிருந்து காலணி வரை ஒருமுறை பார்த்தார். கையிலிருந்த மசியைப் பார்த்தார்.

“நீங்களா?”

“நான்தான்.”

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அல்லது திட்டுவார் என்று. இரண்டும் இல்லை.

“போய்ச் சேர்ந்தீங்களா?” என்று கேட்டார்.

“சேர்ந்தேன்.”

“அப்ப சரி” என்றார்.

பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவர் ஆட்டோவை நகர்த்தாமல், கையை வெளியே நீட்டி, நான் கிளம்பும்வரை பொறு என்று பஸ்ஸுக்குக் காட்டினார். நான் பெடலில் கால் வைத்தேன்.